பட்டைப் பையும் செல்வினின் வலையும்

திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைவீதியில் சுடலைமாடத்தி என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்டால் பாதிப்பேர் முழிப்பார்கள். பட்டைக்காரி என்று கேட்டால் சுமடு தூக்குகிறவர் முதல் சாயா அடிக்கிறவர் வரை கையை நீட்டி வழி காட்டுவார்கள். அந்தப் பெயரை முதலில் கேலிக்குத்தான் வைத்தார்கள். வைத்தவர்களே பிறகு அவளிடம் பை கேட்டு வந்து நின்றார்கள் என்பது வேறு விஷயம். அவளும் கொடுத்தாள். ஆனால் யார் யார் சிரித்தார்கள் என்று மறக்கவில்லை. கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக்காட்டாமல் கொடுத்ததும் இல்லை. அவள் ஒன்றும் தெய்வப்பிறவி அல்ல.

பிறந்தது நாங்குநேரிப் பக்கம். பிச்சையாவைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தாள். பிச்சையா பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டர்; வாயைத் திறந்தால் நக்கல், மற்றபடி நல்ல மனிதர். ஆரியசாலையில் தளவாய் முதலாளியின் மொத்த வியாபாரக் கடையில் அவளுக்கு வாசல் பெருக்குகிற வேலை கிடைத்தது. தீப்பெட்டி, சோப்பு, ஊதுபத்தி எல்லாம் அங்கே அட்டைப்பெட்டிகளில் லாரி லாரியாக வந்து இறங்கும். ஒவ்வொரு பெட்டியையும் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். கடைப் பையன்கள் கத்தியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் பட்டை பாம்பு மாதிரி துள்ளி வாசலில் விழும். மஞ்சள், நீலம், வெள்ளை, பச்சை என்று நாளெல்லாம் விழுந்துகொண்டே இருக்கும். அதைப் பெருக்கி ஓடையில் தள்ளுவதுதான் அவள் வேலை. எல்லாக் கடை வாசலிலும் அப்படித்தான் தள்ளினார்கள். மழை வந்து அடித்துக்கொண்டு போய்விடும். எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

1998ஆம் வருஷம் அவளுடைய ஒயர்கூடை அறுந்துபோனது. புது ஒயர் வாங்கித் தர பிச்சையாவுக்கு மனமில்லை. "அதான் வாசல் பூரா ஒயரு கெடக்கே, பின்னிக்க வேண்டியதுதான" என்றார். நக்கலாகச் சொன்னதை அவள் வேண்டுமென்றே காரியமாக எடுத்துக்கொண்டாள். ஒயர் மாதிரி பட்டை வளைந்து கொடுக்காது. முடிச்சுப் போட்டால் நிமிர்ந்துகொள்ளும், ஓரம் விரலைக் கீறும். முடிச்சை விட்டுவிட்டுப் பாய் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிப் பார்த்தாள். கொதிநீரில் போட்டு எடுத்தால் கொஞ்சம் சொல்பேச்சு கேட்டது. நாலு பையைப் பின்னிப் பின்னிப் பிரித்து, ஐந்தாவதைத் தோளில் மாட்டிக்கொண்டு பிச்சையாவின் ஹோட்டல் வாசல் வழியாக, அவர் பார்க்கும்படி நடந்து போனாள். அன்றைக்கு அவர் கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட மறந்துபோனார்.

மூன்று வருஷம் அது அவள் தோளில் கிடந்த பைதான், அவ்வளவே. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒருநாள் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பியபோது பின்னால் ஓர் ஆள் ஓடிவந்தான். மீசை அரும்பிய முகம், மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு காமிரா.

"சேச்சி, ஆ பேக் எவிடுந்நா வாங்கிச்சது?"

"வாங்கலை சாரே, நான் பின்னுனது. கடையில கேட்டுத்தான் பட்டை எடுத்தேன், களவாண்டு ஒண்ணும் எடுக்கலை" என்றாள். அவன் போலீஸ் என்றே அவளுக்குத் தோன்றியது.

போலீஸ் இல்லை. ஹரிகுமார் என்று பெயர், கடலாமைகளைக் காக்க வஞ்சியூரில் ஒரு மாடியறையில் நாலைந்து பேர் நடத்திய சிறிய சங்கத்தில் வேலை. அங்கேயே நடைபாதையில் நின்று பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினான். கரையில் ஒதுங்கிய ஆமை. கழுத்தில் ஒரு மஞ்சள் வளையம் மாட்டி, அதைச் சுற்றிச் சதை பிதுங்கியிருந்தது.

சுடலைமாடத்தி போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இது நம்ம தீப்பெட்டிப் பட்டையில்லா" என்றாள்.

எந்தக் கடைப் பட்டையோ, எந்த ஊர் ஓடை வழியாகப் போனதோ, யார் கண்டது. ஆனால் அவளுக்கு அது தன் விளக்குமாறு தள்ளிய பட்டையாகத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து தளவாய் முதலாளி கடை வாசலில் ஒரு துண்டுப் பட்டை ஓடைக்குப் போகவில்லை. பக்கத்துக் கடைக்காரர்களிடமும் போய், "ஓடையில தள்ளாதீய, எனக்குத் தாங்க" என்று கேட்டாள். பட்டைக்காரி என்ற பெயர் அப்போது விழுந்ததுதான்.

பக்கத்து வீட்டு உலகம்மையைச் சேர்த்துக்கொண்டாள். உலகம்மைக்கு நாக்கு நீளம், விரல் அதைவிட வேகம். இன்னும் ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். தோள்பை மட்டும் இல்லை, பர்ஸ், கண்ணாடிக்கூடு, டிபன் பை என்று என்னென்னவோ செய்தார்கள். செல்போன் வந்த காலம். அதற்கு ஓர் உறை பின்னினார்கள், கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பெண்பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி. அந்த உறை சக்கைப்போடு போட்டது. ஓடைக்குப் போகவேண்டிய பட்டை, கண்ணாடி மாளிகையில் இங்கிலீஷ் பேசுகிற பிள்ளையின் கழுத்தில் தொங்குகிறது என்று நினைக்கும்போது அவளுக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்து வரும்.

விற்றதில் பெண்களின் கூலி போக மிச்சம் கடலுக்கு என்று முதலிலேயே பேசிக்கொண்டார்கள். கடலுக்கு என்றால் கடலில் கொண்டுபோய்க் கொட்டுவதற்கில்லை. வலையில் சிக்கிய ஆமையை உயிரோடு விட வேண்டுமென்றால் பல சமயம் வலையை அறுத்துத்தான் விட வேண்டும். வலை அறுந்தால் மீன்பிடிக்கிறவனுக்குப் பிழைப்பு அறுந்தது. அப்படி அறுக்கிறவனுக்குப் புது வலை வாங்கிக் கொடுப்பது என்பது ஹரிகுமாரின் யோசனை. யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை நம்பி வலையை அறுக்கக் கடற்கரையில் ஒருவரும் முன்வரவில்லை. காரணம், யார் என்ன உறுதி கேட்டாலும் ஹரிகுமார் "நோக்காம்" என்பான். பார்க்கலாம் என்கிற ஆளை நம்பி எவன் வலையில் கத்தி வைப்பான்?

ஒருநாள் அவளையும் வலியதுறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கடல்பாலத்துக்குப் பக்கத்தில் வள்ளங்களின் நிழலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். செல்வின் என்று ஒருவன், கொளச்சல்காரன், வலியதுறையில் சபீனாவைக் கட்டி அங்கேயே தங்கிவிட்டவன். அவன்தான் எழுந்து நின்று கேட்டான்.

"எக்கா, நீங்க பை விக்கிறிய, நல்ல காரியம். நான் வலைய அறுத்துட்டு வந்து நிண்ணா எனக்கு ஆரு வலை தருவா? இந்தச் சாரு நோக்காம் நோக்காம்னு ரெண்டு வருசமாச் சொல்லுதாரு."

ஹரிகுமார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நமுக்கு நோக்..." என்று ஆரம்பித்தான்.

"நான் தருவேன்" என்றாள் சுடலைமாடத்தி. "நீ அறுத்து விடு தம்பி. வலை என் பொறுப்பு. நான் ஆரியசாலையில இருக்கேன், எங்கயும் ஓடிப்போயிர மாட்டேன்."

திரும்பும் வழியில் பஸ்ஸில் ஹரிகுமார் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். உறை விற்ற காசில் வலை வருமா என்று அவன் மனதில் கணக்கு ஓடியிருக்கும். அவளுக்கும் தெரியும், வராது. ஆனாலும் அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னது சொன்னதுதான்.

2004 மாசியில் செல்வின் ஓர் ஆமைக்காக வலையை அறுத்துவிட்டான். தகவல் தெரிந்து அவள் போய்ப் பார்த்தாள். மணலில் விரித்துக் கிடந்த வலையில் ஒரு மாடு நுழைந்து போகிற அளவுக்கு ஓட்டை. ஆமை உருண்டு புரண்டதில் மற்ற இடமெல்லாம் நைந்து, இனி தைத்துப் பிரயோஜனமில்லை என்று கிடந்தது. முன்பெல்லாம் ஆமை கிடைத்தால் அங்கே கறிதான். செல்வின் கறியையும் விட்டான், வலையையும் விட்டான். கரையில் அவனைப் பைத்தியக்காரன் என்றார்கள். வைகாசிக் கடைசியில் எடவப்பாதி மழை தொடங்கியதும் பக்கத்து விழிஞ்ஞம் துறையில் மீன் பொங்கும்; வருஷத்தில் நாலு காசு பார்க்கிற சமயம் அதுதான். அதற்குள் வலை வர வேண்டும். வராவிட்டால் அவன் இன்னொருத்தன் வள்ளத்தில் கூலிக்கு ஏற வேண்டும், அவளும் அந்தக் கரையில் தலைகாட்ட முடியாது.

நல்லவேளையாக ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கோவளத்தில் ஒரு ஹோட்டலில் கடல் ஆராய்ச்சிக்காரர்கள் கூடுகிறார்கள், வருகிற எல்லோருக்கும் பிளாஸ்டிக் குப்பையில் செய்த தோள்பை வேண்டும், முந்நூறு பை, வைகாசி முதல் வாரத்தில். ஹரிகுமாரே நோக்காம் சொல்லாமல் தலையை ஆட்டினான். அந்த முந்நூறு போனால் செல்வினின் வலை வந்துவிடும்.

ஆரியசாலைப் பெண்கள் இரண்டு மாசம் வேறு நினைப்பில்லாமல் பின்னினார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பின்னினார்கள். உலகம்மை சீரியல் பார்ப்பதையே விட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னி முடித்த பைகளைத் தளவாய் முதலாளி கடைப் பரணில் அடுக்கினார்கள். அடுக்குகிற பொறுப்பு சுடலைமாடத்தியுடையது.

அங்கேதான் வம்பு வந்தது. அவள் பிறந்த பக்கத்தில் பாத்திரமானாலும் பையானாலும் வெறுமையாக ஒரு வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தால்கூட ரெண்டு வத்தலாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். இத்தனை வருஷம் அவள் விற்ற ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு பிடி அரிசி இருந்தது. வாங்கியவர்கள் வீட்டில் போய் உலையில் போட்டிருப்பார்கள். யாரிடமும் அதைச் சொன்னதுமில்லை, யாரும் கேட்டதுமில்லை. முந்நூறு பை என்றதும் அந்த வழக்கத்தை விட அவளுக்கு மனசு வரவில்லை. ரேஷன் அரிசி மொத்தத்தையும் கொண்டுவந்து பைக்கு ஒரு பிடியாகப் போட்டுக் கட்டி வைத்தாள். வீட்டில் அந்த மாசம் பிச்சையாவுக்கு ரவைக்கஞ்சிதான்.

தளவாய் முதலாளி கடையில் எலி கிடையாது, தீப்பெட்டியையும் சோப்பையும் எந்த எலி தின்னும்? ஆனால் பக்கத்துக் கடை அரிசி மண்டி. அங்கே தின்று கொழுத்ததுகள் ஆரியசாலை எலிகள். புது அரிசி வாசம் எங்கே என்று அதுகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது பையை எண்ணி இறக்கப் பரணில் ஏறிய உலகம்மை, ஒரே ஒரு பையோடு இறங்கி வந்தாள். பையின் அடியில் ஒரு ஓட்டை, அதன் வழியாக அவளுடைய இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏட்டி மாடத்தி, பைக்குள்ள அரிசி போட்டது ஆரு?"

"நாந்தான். பின்ன வெறும் பையவா அனுப்புவா?"

"நல்லா அனுப்புன, போ. எலிக்குல்லா விருந்து வச்சிருக்க. மேல போய்ப் பாரு, பாதிக்கு மேல போச்சு."

சுடலைமாடத்தி மேலே போகவில்லை. அந்தப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சோப்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை பெண்களின் இரண்டு மாச உழைப்பு, தன் ஒருத்தியின் வழக்கத்தால் போனது என்பது அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியாவது தீர்த்திருக்கலாம், பெண்கள் திட்டவுமில்லை. உலகம்மைகூட மற்றப் பைகளை இறக்கத் திரும்பப் பரணில் ஏறிவிட்டாள்.

ஹரிகுமார் வந்தான், பைகளைப் பிரித்து அடுக்கினான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நல்லது மாத்ரம் கொடுக்காம் சேச்சி. பாக்கி நம்மளால முடியாது என்னு பறயாம்."

"நல்லதை மட்டும் கொடுத்தா எவ்வளவு வலை வரும்?"

"பாதி."

"பாதி வலையைக் கடல்ல போட்டு என்ன மீன் புடிப்பான்? வாய் பேசாம இரு சாரே" என்றாள். புதிதாகப் பின்ன நாளுமில்லை, பட்டையுமில்லை.

அவள் நேரே வலியதுறைக்குப் பஸ் ஏறினாள். ஹரிகுமார் மூலம் சொல்லி அனுப்பியிருக்கலாம். அது அவளுக்குச் சரியாகப் படவில்லை. எந்த வாயால் சொன்னாளோ அந்த வாயாலேயே போய் இல்லையென்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஓட்டைப் பை ஒன்று கையில் இருந்தது.

செல்வின் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அரிசி போட்டதை மறைக்கவில்லை. "வாக்கு பாதியாப் போச்சு தம்பி. அதை நானே சொல்லணும்னு வந்தேன்" என்று முடித்து, ஓட்டைப் பையை நீட்டினாள்.

சபீனா அந்தப் பையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"இதுக்கா எக்கா மொகத்த இப்படி வச்சிருக்கிய? நான் செத்தவீட்டுச் சேதின்னு நெனச்சேன். இந்த ஓட்டை ஒரு ஓட்டையா?"

செல்வின் உள்ளே போய் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆமைக்காக அறுத்த அதே வலை. தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்தான். அதிலிருந்து நல்ல நூலாகப் பார்த்து உருவி, வலை பின்னுகிற ஊசியில் கோத்து, ஓட்டையைச் சுற்றியிருந்த பட்டைகளில் முடிச்சுப் போட்டுக் கண் கண்ணாக இழுத்தான். ஒரு சாயா ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. மஞ்சளும் நீலமுமான பையின் அடியில் உள்ளங்கை அளவுக்குப் பச்சை வலை.

சுடலைமாடத்தி அதை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஆனாலும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. "பெரிய பெரிய ஆளுக வாராவ. என் பை ஒட்டுப் போட்டதாவா போகணும்?"

"என் வலையில ஒட்டுப் போடாத எடம் எங்க இருக்குன்னு காட்டுங்க பாப்போம்" என்றான் செல்வின். "அதுலதான இவ்வளவு காலமும் சாப்பிட்டோம்."

அவள் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மறுநாள் காலையில் ஓட்டைப் பைகள் மொத்தமும் தளவாய் முதலாளியின் டெம்போவில் வலியதுறைக்குப் போயின. முதலாளி பரணில் எலி ஏறிய கோபத்தில் காலையிலிருந்து முனகிக்கொண்டே இருந்தார். ஆனால் யாரும் கேட்காமலே வண்டியைக் கொடுத்தவரும் அவர்தான். ஆரியசாலைப் பெண்களும் பின்னாலேயே பஸ்ஸில் போய் இறங்கினார்கள். கரையில் வலை பின்னுகிற ஓலைக்கொட்டகையில் சபீனாவும் அவளுடைய சொந்தக்காரிகளும் ஊசியோடு காத்திருந்தார்கள். இவர்கள் பிய்ந்த பட்டைகளை வெட்டிச் சீராக்கிக் கொடுக்க, அவர்கள் வலையால் அடைத்தார்கள். மீன் நாற்றம் என்று முதல் நாள் மூக்கைப் பொத்திய உலகம்மை, மூன்றாம் நாள் நெத்தோலி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

முந்நூறு பையும் சொன்ன நாளில் கோவளத்துக்குப் போயின. ஒட்டுகளைப் பார்த்து ஹோட்டலில் வரவேற்பு மேசைக்காரர் புருவத்தை உயர்த்தினார். ஹரிகுமார் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தான். சுடலைமாடத்தி அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "எலி கடிச்சது. என் தப்புதான். அடைச்சிருக்கது, ஆமைக்காக ஒருத்தன் அறுத்த வலை. வேணுங்கிறவங்க எடுக்கட்டும்" என்றாள். அதை ஹரிகுமார் இங்கிலீஷில் சொன்னான். சிலர் ஒட்டில்லாத பையாகத் தேடி எடுத்தார்கள். சிலர் ஒட்டுப் பைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

எடவப்பாதி மழை பிடிப்பதற்கு முன் வலை வந்தது. முழு வலை. அவளே தலையில் சுமந்து கொண்டுபோய் செல்வினின் வாசலில் இறக்கினாள். பிடித்துக்கொள்ள வந்தவர்களை விடவில்லை. அன்று வலியதுறையில் அவள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். பிச்சையாவும் கூட வந்திருந்தார். வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம், கேட்காமலே, "நம்ம வீட்டுக்காரிதான்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

ஓணம் கழிந்து ஒரு காலை. அவள் கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது செல்வின் வந்து நின்றான். ஆரியசாலைக்கு அவன் வருவது அதுதான் முதல் தடவை. பட்டைக்காரியைக் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறான். கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அவள் பெருக்குவதை நிறுத்தினாள்.

"எக்கா, வலை போச்சு."

"எங்க போச்சு?"

"அறுத்தேன். பெரிய ஆமை. தலை முழுக்கச் சிக்கிட்டு. மேல வந்து மூச்சு விட முடியாமக் கெடந்துச்சு."

சுடலைமாடத்திக்குக் கோபம்தான் முதலில் வந்தது. விரல் கிழிந்து பின்னியதும், எலியும், பரணும், தலையில் சுமந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் கண்முன் வந்தன. விளக்குமாறு கையிலேயே இருந்தது. "ஏலே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள்.

செல்வின் புரியாமல் அவளைப் பார்த்தான். "எதுக்குக் கேக்கணும்? அதான் நீங்க இருக்கியள்லா."

அவன் குழைந்து சொல்லவில்லை, பயந்தும் சொல்லவில்லை. விடிந்தால் வெளிச்சம் வரும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். போன தடவை கரையில் அத்தனை பேர் முன்னால் உறுதி வாங்கிக்கொண்டு அறுத்தவன், இந்தத் தடவை நடுக்கடலில், கேட்க ஒருவரும் இல்லாத இடத்தில், அவளை நம்பிக் கத்தியை எடுத்திருக்கிறான். பிறந்ததிலிருந்து இந்த மாதிரி ஒரு பெருமையை அவள் அடைந்ததில்லை. கண் நிறைந்துவிட்டது. அதை அவனுக்குக் காட்டாமல் குனிந்து, வாசலில் கிடந்த பட்டைகளை ஒன்றுசேர்த்தாள்.

"ஆமை நல்லாப் போச்சா?"

"நல்லாப் போச்சு."

"அப்போ நீயும் போய் ஒன் சோலியப் பாரு" என்றாள் சுடலைமாடத்தி. "வலை வரும்."